தட்டான் வரைந்த எழுத்து

கதைக்குப் படம் போடும் சித்திரக்காரரை வாசகர்கள் நன்றாக அறிவார்கள். கதையின் தலைப்பை எழுத்தாக வரைந்து கொடுப்பவரை யாரும் கேட்பதில்லை. பல சமயம் இருவரும் ஒருவரே என்பது வேறு விஷயம். ஆதிமூலம் (1938–2008) அச்சுக்கூடத்து எழுத்தை நம்பிக்கொண்டிராமல், புத்தக அட்டைகளுக்குத் தம் கையாலேயே எழுத்து வரைந்தவர். அந்தக் கைத்தொழிலின் மூதாதையரைத் தேடிப் போன எனக்கு, அவர்களில் ஒருவர் பாகூரில் அகப்பட்டார்.

புதுச்சேரிக்குத் தெற்கே, பெரிய ஏரியும் நெல்வயலுமாக இருக்கும் ஊர் பாகூர். அங்கே 1879-ல் ஐந்து செப்பேடுகள் கிடைத்தன. ஒரே வளையத்தில் கோத்து, பல்லவரின் நந்தி முத்திரை வைத்தவை. நிருபதுங்கவர்மனின் 8-ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில், மார்த்தாண்டன் என்ற தலைவன் வேண்டிக்கொண்டபடி பாகூர் வித்தியாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களை விட்டுக்கொடுத்த சாஸனம் அது. சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புணைச்சேரி என்பவை அந்த ஊர்கள். ஜெர்மானிய அறிஞர் ஹுல்ட்ஸ் இதைப் படித்துப் பதிப்பித்தார்.

சரித்திர ஆசிரியர்கள் இதில் அரசர்களின் வம்சாவளியைத் தேடுவார்கள். தேடட்டும். எனக்கு வெட்டியவன் மேல்தான் கண். அவன் கச்சிப்பேட்டுத் தட்டான். உதிதோதயப் பெருந்தட்டான் வழியில் வந்தவன். பல்லவர் குலத்துக்குப் பரம்பரையாக ஊழியம் செய்த குடும்பம். காஞ்சி மாநகரத்தில் பழகிய கைதான் பாகூரின் வரப்பையும் வாய்க்காலையும் எழுத வந்தது.

அவன் வேலையைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். அரசனைப் புகழும் சமஸ்கிருதப் பகுதிக்குக் கிரந்த எழுத்து. ஊர் எல்லை சொல்லும் பகுதிக்குத் தமிழ் எழுத்து. ஒரே உளி இரண்டு நடையும் நடக்க வேண்டும். வளையம் நுழையும் துளைக்கு இடம் விட்டு வரி பிடிக்க வேண்டும். ஓலையில் பிழை வந்தால் வேறு ஓலை எடுக்கலாம். செம்பில் பிழை வந்தால் தட்டி மழுக்கித்தான் திருத்த வேண்டும். அந்தக் காலச் சாஸனங்களில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பது அருமை. ஆகையால் ஒரு கோடு கோணினாலும் படிக்கிறவன் தடுமாறுவான். புகழ்ச்சியில் ஓர் எழுத்துத் தப்பினால் புலவருக்கு வருத்தம், அவ்வளவுதான். எல்லையில் தப்பினாலோ வித்தியாஸ்தானத்தின் நிலம் அடுத்த ஊர்க்காரன் கைக்குப் போகும். மாணாக்கன் சோற்றில் கை வைத்ததாக ஆகும். அலங்காரமான பகுதியைவிட அந்த வறண்ட பகுதியில்தான் அவன் அதிக ஜாக்கிரதையாக இருந்திருப்பான் என்று நான் நினைக்கிறேன்.

இத்தனைக்கும் கூலியாக என்ன கிடைத்ததோ! மரியாதை கிடைத்திருக்கிறது. பாட்டு இயற்றியவர் பெயரோடு வெட்டியவர் பெயரும் அதே செம்பில் ஏறியிருக்கிறது. என் நாவல் ஒன்றுக்கு அட்டை எழுத்து வரைந்தவர் மூன்று தடவை மாற்றி எழுதிக் கொடுத்தார். புத்தகத்துக்குள் அவர் பெயர் எங்கும் இல்லை. கேட்டதற்கு, இடம் போதவில்லை என்று பதில் வந்தது. பல்லவர்களுக்கு ஐந்து தகட்டில் இடம் இருந்தது.

அந்தத் தகடுகள் கடல் கடந்து பாரிஸ் தேசிய நூலகத்துக்குப் போய்விட்டன. பாகூர் மூலநாதர் கோயிலில் சோழர் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ராஷ்டிரகூட மூன்றாம் கிருஷ்ணன் காலத்தவையும் உண்டு. அவற்றின் எதிரே நின்று விரல் வைத்து எழுத்துக் கூட்டலாம். தட்டானின் எழுத்தைப் பார்க்கத்தான் பாகூர்க்காரர் கப்பலோ விமானமோ ஏற வேண்டும்.