ஆசிரியத்துவமும் கூலியுழைப்பும்: 2021 ஆசிரியர் போராட்டம் எதிர்கொள்ளப்பட்ட முறை குறித்துச் சில கருத்துகள்

2021 யூலை 12ஆந் திகதி இலங்கையின் ஆசிரியர்களும் அதிபர்களும் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகிக்கொண்டனர். கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகச் சட்டமூலத்துக்கு எதிராக ஆர்ப்பாட்டஞ் செய்த தொழிற்சங்கத் தலைவர்கள் யூலை 8இல் கைதாகியமையே உடனடிக் காரணம். ஆயின் ஒக்டோபர் 25 வரை, நூறு நாள்களுக்கு மேலாகப் பகிஷ்கரிப்பை நிலைநிறுத்தியது, 1997ஆம் ஆண்டு முதல் தீர்க்கப்படாதிருந்த சம்பள முரண்பாடாகும். போராட்டத்தின் வரலாற்றைத் தொழிற்சங்கங்கள் எழுதிக்கொள்ளும். சமூகம் அதனை எவ்வாறு எதிர்கொண்டது என்பதையே நாம் இங்கு நோக்க விரும்புகின்றோம்.

பிள்ளைகளின் எதிர்காலம் பணயம் வைக்கப்படுகிறது, பெருந்தொற்றுக் காலத்திற் சம்பளங் கேட்பது தகாது, ஆர்ப்பாட்டங்களே நோயைப் பரப்பின என்றெல்லாம் அன்று எழுந்த கண்டனங்களுக்கு அடியில் ஒரே கருத்துநிலை தொழிற்பட்டது. ஆசிரியப்பணி புனிதமானது, புனிதமானதற்கு விலை பேசலாகாது என்பதே அது. தமிழர், சிங்களவர் ஆகிய இரு சாராரிடத்தும் ஆசானைத் தெய்வத்துக்கு நிகராக வைக்கும் மரபு உண்டு. அம்மரபு வேரூன்றிய சமூக அமைப்பில் ஆசான் கூலி பெறுபவனல்லன். நெல்லும் நிலமும் காணிக்கையும் அவனைப் பேணின. காலனித்துவக் கல்வி அவனை மாதச் சம்பளத்துக்கு உழைப்பவனாக்கியது. எனினும் பழைய ஒளிவட்டம் அகற்றப்படவில்லை. அது முகாமையாளர்களுக்கு மிகவும் வசதியாயிருந்தது. உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளில் நியமனமும் நீக்கமும் முகாமையாளர் கையிலிருந்த காலத்தில், ஆசிரியரின் பணிவு ஒழுக்கமாகவே போதிக்கப்பட்டது. 1960-61இற் பாடசாலைகள் அரசுடைமையானபோது முகாமையாளரின் இடத்துக்கு அரசு வந்தது. வணக்கத்தைச் சம்பளத்துக்கு ஈடாக வழங்கும் வழக்கம் மட்டும் மாறவில்லை. (தாதியர் வேலைநிறுத்தங்களின்போதும் தியாகம் பற்றிய இதே உபதேசம் கேட்பதுண்டு.)

இருந்தும் 2021இல் அக்கருத்துநிலை முன்னைப்போல் இலகுவில் எடுபடவில்லை. அதற்குப் பௌதிகக் காரணங்கள் இருந்தன. பெருந்தொற்று வகுப்பறையை வீட்டுக்குள் கொண்டுவந்திருந்தது. ஆசிரியர் தமது சொந்தக் கைத்தொலைபேசியில், தாமே பணங்கட்டிப் பெற்ற இணைய இணைப்பில் பாடம் அனுப்புவதைப் பெற்றோர் நேரிற் கண்டனர். ஊவா மாகாணத்தின் பொஹிட்டியாவ என்னும் கிராமத்தில், அலைத்தொடர்பு தேடிப் பிள்ளைகளும் ஆசிரியரும் காட்டுவழியே மலைப்பாறைக்கு ஏறிய படங்கள் உலகெங்கும் வெளியாகின. உற்பத்திச் சாதனங்களைத் தொழிலாளியே வாங்கிவரும் விந்தையான தொழிற்சாலையாக இலவசக் கல்வி மாறியிருந்தது. அதே மாதங்களில் இரசாயன உர இறக்குமதித் தடையால் விவசாயிகளும் வீதிக்கு வந்தனர். வயலில் நின்றவருக்கு ஆசிரியரின் முறைப்பாடு அந்நியமாகத் தோன்றியிருக்க முடியாது.

ஆயினும் எதிர்ப்புக் குரல்கள் யாவற்றையும் பிற்போக்கு என ஒதுக்கும் முற்போக்காளரின் அவசரம் எமக்கு உடன்பாடன்று. வசதிபடைத்தோரின் பிள்ளைகள் சர்வதேசப் பாடசாலைகளிலும் ரியூசன் வகுப்புகளிலும் கற்றுக்கொண்டேயிருந்தனர். லயன் அறையில் ஒரு தொலைபேசியை மூன்று பிள்ளைகள் பகிர்ந்த தோட்டத் தொழிலாளிக்கு அவ்வழி இருக்கவில்லை. அவருடைய பிள்ளை பகிஷ்கரிப்புக்கு முன்னரே வகுப்பை இழந்திருந்தது. பகிஷ்கரிப்பில் நின்ற சிலர் தனியார் வகுப்புகளைத் தொடர்ந்தனர் என்ற முறைப்பாடு அத்தகையோரிடமிருந்து வந்தபோது, அதற்கு விடையளிக்கும் கடமை தொழிற்சங்கங்களுக்கு இருந்தது. சம்பளக் கோரிக்கையுடன் பிள்ளைகளுக்கான சாதன, இணைய வசதிகளையும் அதே அழுத்தத்துடன் முன்வைத்திருப்பின், ஆசிரியரும் தோட்டத் தொழிலாளியும் எதிரெதிரே நிறுத்தப்பட்டிருக்க மாட்டார்கள்.

தமிழ்ப் பிரதேசங்களின் எதிர்வினையில் இன்னொரு கூறும் உண்டு. யூலை 8இற் கைதான இலங்கை ஆசிரியர் சங்கப் பொதுச் செயலாளர் ஜோசப் ஸ்டாலினும் ஏனையோரும், நீதிமன்றம் பிணை வழங்கிய பின்னரும், தனிமைப்படுத்தல் என்ற பெயரிற் கேப்பாப்புலவு விமானப்படை முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். படையினர் வசமிருந்த தம் காணிகளை மீட்க 2017 முதல் மக்கள் போராடிய ஊர் அது. தெற்கின் தொழிற்சங்கவாதியை அடைத்துவைக்க அரசுக்கு வடக்கின் முகாம் தேவைப்பட்டது. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் ஹற்றனிலும் தமிழ் ஆசிரியர்கள் அப்போராட்டத்தில் நின்றனர். கேப்பாப்புலவு மக்களுக்காகத் தெற்கின் சங்கங்கள் முன்னர் எவ்வளவு பேசின என்ற வினாவையும் அவர்கள் மறந்திருக்க வேண்டியதில்லை. வர்க்க ஒற்றுமை அவ்வினாவைத் தவிர்த்துக் கட்டப்படக்கூடியதன்று.

இறுதியில் 2022 சனவரி முதல், சுபோதினி குழு விதந்துரைத்த உயர்வின் மூன்றிலொரு பங்கு வழங்கப்பட்டது. அவ்வாண்டு செப்ரெம்பரிற் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தை எட்டியபோது அது கரைந்துபோயிற்று. 2024 யூன் 26இல், எஞ்சிய மூன்றிலிரண்டு பங்கைக் கோரிச் சுகவீன விடுமுறையிற் கொழும்புக்கு வந்த ஆசிரியர்களைப் பொலிசார் கண்ணீர்ப்புகையுடனும் நீர்த்தாரையுடனும் எதிர்கொண்டனர்.