டோகாஃப் சான்றிதழ்: பணம் கட்டுவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை

“அண்ணா, சோதினை பாஸ் பண்ணிட்டன். ஆனா ஒரு இடத்திலயும் இன்டர்வியூவுக்குக் கூப்பிடேல்லை.”

என் சின்னம்மாவின் மகள் கிளிநொச்சியிலிருந்து தொலைபேசியில் சொன்னது இது. ‘டோகாஃப் முடித்தால் ஆர்க்கிடெக்ட் வேலை’ என்று பயிற்சி நிலையம் ஒன்று செய்த விளம்பரத்தை நம்பி, தாயின் சங்கிலியை அடகு வைத்துப் பணம் கட்டியிருந்தாள். இரண்டு பரீட்சைகளிலும் சித்தியடைந்தாள். பிறகு வேலை விளம்பரங்களைத் தேடிப் பார்த்தபோதுதான், அவள் கண்ட எல்லாவற்றிலும் எட்டு, பத்து வருட அனுபவம் கேட்கப்பட்டிருப்பது தெரிந்தது.

நான் பதினைந்து வருடங்களாகத் தகவல் தொழில்நுட்பத் துறையில் இருக்கிறேன். மென்பொருள் சோதிப்பவனாகத் தொடங்கி, இன்று நிறுவனக் கட்டமைப்பு வேலை பார்க்கிறேன். அவளிடம் உள்ள அதே சான்றிதழ் என்னிடமும் உண்டு. எனக்கு அது கைகொடுத்தது. அவளுக்கு ஏன் கைகொடுக்கவில்லை என்பதை, இதைப் படிக்க நினைக்கும் எமது இளையோருக்கும் அவர்களுக்காகக் கடன்படும் பெற்றோருக்கும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நிறுவனக் கட்டமைப்பு என்றால் என்ன?

என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர் என்பதையே தமிழில் நிறுவனக் கட்டமைப்பு என்கிறோம். ஒரு வங்கியையோ வைத்தியசாலையையோ திணைக்களத்தையோ எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே யார் என்ன வேலை செய்கிறார்கள், அதற்கு என்ன தகவல் தேவை, அத்தகவல் எந்த மென்பொருளில் இருக்கிறது, அந்த மென்பொருள் எந்தக் கணினிகளில் இயங்குகிறது என்பவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்து, இன்றைய நிலையிலிருந்து வேண்டிய நிலைக்குப் போகும் வழியைத் திட்டமிடுவதே இந்த வேலை.

இது தீர்க்க முனையும் பிரச்சினையை நான் முதலில் கண்டது என் அப்பாவின் பெயரில்தான். போர் முடிந்து முகாமிலிருந்து வீடு திரும்பியபோது, ஒரு பொலித்தீன் பையில் இருந்த சில பத்திரங்களே எம்மிடம் மிஞ்சின. அடையாள அட்டையில் அப்பாவின் பெயர் ஒரு விதமாகவும், வங்கிப் புத்தகத்தில் இன்னொரு விதமாகவும், காணிப் பத்திரத்தில் மூன்றாவது விதமாகவும் இருந்தது. தமிழ்ப் பெயரைச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதிய ஒவ்வொருவரும் தமக்குக் கேட்டபடி எழுதியிருந்தார்கள். அந்தந்த அலுவலகத்துக்கு அதனதன் பதிவு சரி. மூன்றும் ஒரே மனிதர் என்று நிரூபிக்கும் சுமை மட்டும் எங்கள் தலையில் விழுந்தது. சத்தியக் கடதாசிகளோடு அலைந்த அந்த நாட்கள் உங்களில் பலருக்கும் பரிச்சயமானவை.

ஒருவரின் பெயருக்கு எது மூலப் பதிவு? மற்றவர்கள் அதை எங்கிருந்து பெற வேண்டும்? திருத்தம் வந்தால் யாருக்கெல்லாம் அறிவிக்க வேண்டும்? இக்கேள்விகளை மென்பொருள் எழுதுவதற்கு முன்பே கேட்பவர்தான் நிறுவனக் கட்டமைப்பாளர்.

டோகாஃப் எங்கிருந்து வந்தது?

இத்துறையின் தொடக்கமாகப் பலரும் சுட்டுவது, ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய ஜோன் சக்மன் 1987இல் வெளியிட்ட கட்டுரையை. அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களமும் தனது தகவல் முறைமைகளுக்காக டஃபிம் என்ற சட்டகத்தை உருவாக்கியிருந்தது. அதை அடிப்படையாக வைத்து 1995இல் டோகாஃப் முதற்பதிப்பு வெளிவந்தது. இன்று அதைப் பராமரிப்பது ஓப்பன் குரூப் என்ற அமைப்பு. பல நிறுவனங்கள் உறுப்பினராக உள்ள இவ்வமைப்பு 1996இல் உருவானது. டோகாஃபின் 9ஆம் பதிப்பு 2009இலும், 9.2 பதிப்பு 2018இலும், 10ஆம் பதிப்பு 2022இலும் வந்தன. பழைய பதிப்புக்கான பாடக்குறிப்புகள் இன்னமும் கைமாறுகின்றன. எந்தப் பதிப்புக்குப் படிப்பிக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள்.

என்ன படிக்க வேண்டும்?

டோகாஃப் ஒரு நிறுவனத்தை நான்கு பகுதிகளாகப் பார்க்கிறது: தொழிற்பாடு, தரவு, செயலிகள், தொழில்நுட்பம். என் அப்பாவின் பெயர்ச் சிக்கல் தரவுப் பகுதிக்குரியது. ஆனால் அதைத் தீர்க்க வேண்டுமானால் அலுவலக நடைமுறையும் மாற வேண்டும். அது தொழிற்பாட்டுப் பகுதி. நான்கையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வதன் காரணம் இதுதான்.

பாடத்தின் மையம் ஏடிஎம் எனப்படும் செய்முறை. ஆயத்தக் கட்டத்துக்குப் பிறகு ஏ முதல் எச் வரை எட்டுக் கட்டங்கள் இதில் உண்டு. முதலில் நோக்கத்தை எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும். அடுத்த மூன்று கட்டங்களில் மேற்சொன்ன நான்கு பகுதிகளும் வரையப்படும். தரவும் செயலிகளும் ஒரே கட்டத்தில் அடங்கும். பின்னர் தீர்வுகளைத் தெரிவுசெய்தல், மாற்றத்துக்கான கால அட்டவணை, நடைமுறைப்படுத்தலைக் கண்காணித்தல், அதன்பின் வரும் மாற்றங்களை முகாமை செய்தல் என்று போகும். எல்லாக் கட்டங்களுக்கும் நடுவில் தேவைகளின் முகாமை இருக்கும்.

பரீட்சை எப்படி இருக்கும்?

இரண்டு மட்டங்கள் உண்டு. முதலாவது அடிப்படை மட்டம். 60 நிமிடங்களில் 40 பல்தேர்வு வினாக்கள். 24 சரியானால் சித்தி. சொற்களும் வரைவிலக்கணங்களும் தெரிந்திருந்தால் போதும்.

இரண்டாவது பயில்நர் மட்டம். 90 நிமிடங்களில் எட்டு வினாக்கள் மட்டுமே. ஒவ்வொன்றிலும் ஒரு நிறுவனத்தின் நிலைமையை நீளமாக விவரித்து, நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்பார்கள். மிகச் சிறந்த விடைக்கு 5 புள்ளிகள், அடுத்ததற்கு 3, அதற்கடுத்ததற்கு 1, பொருந்தாததற்குப் பூச்சியம். இங்கும் 40க்கு 24 வேண்டும். புத்தகத்தைத் திரையில் பார்த்தபடியே விடையளிக்கலாம். ஆனால் தேடிக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும்.

பரீட்சை தமிழில் இல்லை. ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்களுக்குக் கூடுதல் நேரம் வழங்கும் ஏற்பாடு உண்டு. பதிவு செய்யும்போதே அதைப் பற்றி விசாரியுங்கள். பியர்சன் வியூ நிறுவனம் பரீட்சையை நடத்துகிறது. நிலையத்துக்குச் சென்றும் எழுதலாம், வீட்டிலிருந்து கமெராக் கண்காணிப்பிலும் எழுதலாம். வீட்டில் எழுதுபவர்கள் மின்வெட்டையும் இணைய இணைப்பையும் யோசித்துக்கொள்ள வேண்டும். கட்டணம் டொலர் கணக்கில் வருவதால், ரூபாயில் எவ்வளவு என்பதை அன்றைய நாணய மாற்று விகிதப்படி பாருங்கள்.

வகுப்புக்குப் போகத்தான் வேண்டுமா?

கட்டாயமில்லை. தங்கையிடம் எவரும் சொல்லாமல் விட்டது இதைத்தான். டோகாஃப் நூலைத் தனிப்பட்ட படிப்புக்காக ஓப்பன் குரூப் இணையத்தளத்தில் பதிவுசெய்து இலவசமாகப் பெறலாம். சுயமாகப் படித்து நேரடியாகப் பரீட்சை எழுத அனுமதி உண்டு. வகுப்புக்குப் போவதானால், அந்தக் கற்கைநெறி ஓப்பன் குரூப்பின் அங்கீகாரம் பெற்றதா, சொல்லப்படும் தொகையில் பரீட்சைக் கட்டணமும் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வேலைக்கு உத்தரவாதம் தருவதாகச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். எந்தப் பரீட்சையாலும் அந்த உத்தரவாதத்தைத் தர முடியாது.

வரைபடம் வரையப் பழக ஆர்க்கிமேட் என்ற குறியீட்டு மொழி உதவும். நெதர்லாந்தில் தொடங்கிய இம்மொழியையும் 2008 முதல் ஓப்பன் குரூப்பே பராமரிக்கிறது. அதில் வரைவதற்கு ஆர்ச்சி என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அனுபவசாலிகளுக்கு இன்னொரு வழியும் உண்டு. ஓப்பன் சிஏ என்ற சான்றிதழுக்கு எழுத்துப் பரீட்சை கிடையாது. செய்த வேலைகளை எழுதிச் சமர்ப்பித்து, துறைசார்ந்தோர் குழுவின் முன் விளக்க வேண்டும். இந்தத் தொழில் எதை மதிக்கிறது என்பதை அந்த ஒரு நடைமுறையே காட்டிவிடுகிறது.

யாருக்கு, எப்போது?

உயர்தரம் முடித்த கையோடு இதற்குப் பணம் செலவழிக்காதீர்கள். அந்தப் பணத்தை ஆங்கிலத்துக்கும், நிரலாக்கம், தரவுத்தளம் போன்ற அடிப்படைகளுக்கும் போடுங்கள். மூன்று, நான்கு வருடம் வேலை செய்தவர்கள் அடிப்படை மட்டத்தைத் தாமாகவே படித்து எழுதலாம். பல திட்டங்களைக் கண்டு, ஒரு முறைமை உடைந்தால் இன்னொன்று ஏன் நிற்கிறது என்று அனுபவத்தில் அறிந்தவர்களுக்கே பயில்நர் மட்டம் முழுப் பயன் தரும். எனக்கு அது பயன்பட்ட காரணமும் அதுவே. எனக்கு முன்பே தெரிந்திருந்த பிரச்சினைகளுக்கு அது பெயர் வைத்துத் தந்தது.

கணினி படிக்காதவர்களுக்கும் இங்கே இடம் உண்டு. அலுவலக நடைமுறையை உள்ளிருந்து அறிந்த எழுதுவினைஞரும் கணக்காளரும் தொழிற்பாட்டுப் பகுதியில் சிறந்து விளங்குவதை நான் கண்டிருக்கிறேன். ஒரு பத்திரத்துக்காக ஐந்து வாசல் ஏறி இறங்கியவர்களுக்கு, பதிவுகள் எங்கே பிரிந்து நிற்கின்றன என்பதை ஒருவர் சொல்லித் தரத் தேவையில்லை.

தங்கை இப்போது ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் வாடிக்கையாளர் உதவிப் பிரிவில் வேலை செய்கிறாள். தொலைபேசியில் வரும் ஒவ்வொரு முறைப்பாட்டையும், அது எந்த முறைமையில் தொடங்கி எங்கே போய் நிற்கிறது என்று ஒரு கொப்பியில் வரைந்து வைக்கும்படி சொன்னேன். சென்ற மாதம் அந்தக் கொப்பியின் சில பக்கங்களைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். அதில் ஒன்று, ஒரே வாடிக்கையாளரின் பெயர் மூன்று விதமாகப் பதியப்பட்டிருந்ததைப் பற்றியது. அவளுடைய சான்றிதழ் காலாவதியாகாது. அது பேசத் தொடங்க இன்னும் சில வருடங்கள் ஆகும். அடகு வைத்த சங்கிலிக்கு மட்டும் மாதாமாதம் வட்டி போய்க்கொண்டிருக்கிறது.