காணாமையும் ஒரு பிரமாணம்: அடையாளம் அறியாத காமாக் கதிர் மூலங்களும் ரேடியோ வான் கணக்கெடுப்பும்

2008-ஆம் ஆண்டு ஜூன் 11-ஆம் நாள் ஏவப்பெற்ற ஃபெர்மி விண் தொலைநோக்கி தன் முதல் எட்டு ஆண்டுகளில் திரட்டிய தரவுகளைக் கொண்டு வகுக்கப்பெற்ற நான்காம் அட்டவணை, 5064 காமாக் கதிர் மூலங்களைப் பட்டியலிடுகிறது. அவற்றுள் 1336 மூலங்களுக்கு, வேறு எந்த அலைநீளத்திலும் பொருந்தத்தக்க இணைப் பொருள் இன்னதென்று அவ்வட்டவணையால் சொல்லக்கூடவில்லை. இக்குறை புதியதன்று. 1981-இல் வெளிவந்த காஸ்-பி செயற்கைக்கோளின் அட்டவணையில் இருந்த மூலங்கள் 25. அவற்றுள் பெரும்பாலானவற்றின் இயல்பு அன்று விளங்கவில்லை. 1999-இல் வெளிவந்த எக்ரெட் கருவியின் மூன்றாம் அட்டவணையில் 271 மூலங்கள். அவற்றுள் 170 உறுதியாக அடையாளம் காணப்படாதவை. உபகரணங்கள் நுட்பமடைந்து மூலங்களின் எண்ணிக்கை இருநூறு மடங்கு பெருகிய பின்னரும் நாலில் ஒரு பங்குக்குக் குறையாமல் இந்தச் சந்தேகம் நிலைத்து நிற்குமாயின், அதன் காரணத்தைக் காமாக் கதிர்க் கருவியின் போதாமையில் மட்டும் தேடுவது பொருந்தாது; அடையாளம் காணும் முறையிலும் தேடவேண்டும். அம்முறையைப் பற்றியதே இக்கட்டுரை. தாழ்ந்த அதிர்வெண்ணில், எந்தக் குறிப்பிட்ட பொருளையும் நாடாமல், வானம் முழுவதையும் எண்ணி வைக்கும் ரேடியோ கணக்கெடுப்பே இச்சிக்கலை அவிழ்க்கும் தலையாய சாதனங்களுள் ஒன்று என்பதும், அது அவ்வாறு ஆவது தான் காட்டும் பொருள்களால் மட்டுமன்றி, வேறொரு கணக்கெடுப்பு காட்டத் தவறும் பொருள்களாலும் என்பதும் நான் நிறுவ விரும்பும் கருத்து.

முதலில் இடத்தைப் பற்றிய சங்கடத்தைப் பார்ப்போம். காமாக் கதிரை ஆடியாலோ வில்லையாலோ குவிக்க இயலாது. ஃபெர்மியின் கருவியில் அக்கதிர் டங்ஸ்டன் தகடுகளில் மோதி எலெக்ட்ரானும் பாசிட்ரானுமாகப் பிரிய, அவ்விரண்டும் சென்ற தடத்தைக் கொண்டே அது வந்த திசை அனுமானிக்கப்படுகிறது. தாழ்ந்த ஆற்றலுள்ள ஒரு தனிக் கதிரின் திசையில் ஐந்து பாகை வரை பிழை நேர்வதுண்டு. ஆயிரக்கணக்கான கதிர்களைச் சேர்த்துக் கணித்த பின்னும், பாகையில் அறுபதில் ஒரு பங்காகிய கலையில் அளந்தால், சாதாரணமான ஒரு மூலத்தின் ஸ்தானம் நான்கைந்து கலை ஆரமுள்ள ஐய வட்டமாகவே எஞ்சுகிறது.

அவ்வட்டத்துக்குள் ஒரு ரேடியோ மூலம் இருப்பதைக் கண்டு, அதுவே காமாக் கதிரின் பிறப்பிடம் என்று கொள்வது எளிது, ஆனால் தவறு. புணேக்கு வடக்கே கொடத் கிராமத்தில் உள்ள மாபெரும் மீட்டர் அலை ரேடியோ தொலைநோக்கியைக் கொண்டு, 2010-க்கும் 2012-க்கும் இடையே, 150 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் நிகழ்த்தப்பெற்ற டி.ஜி.எஸ்.எஸ். என்னும் கணக்கெடுப்பு, வானத்தின் பத்தில் ஒன்பது பங்கை, அதாவது 36,900 சதுர பாகையைத் தழுவி, ஏறத்தாழ 6,20,000 மூலங்களைப் பதிவு செய்திருக்கிறது. சதுர பாகை ஒன்றுக்குச் சுமார் 17 மூலங்கள் என்று ஆகிறது. நான்கு கலை ஆரமுள்ள வட்டம், சதுர பாகையில் எழுபதில் ஒரு பங்கு பரப்புடையது. ஆகவே எவ்வித நோக்கமுமின்றி வானத்தில் நூறு வட்டங்களை வரைந்தாலும், அவற்றுள் இருபத்துமூன்று மூலங்கள் தற்செயலாகவே வந்து விழும். இன்னும் நெருக்கமான கணக்கெடுப்பாகிய அமெரிக்க நாட்டின் என்.வி.எஸ்.எஸ். 1400 மெகாஹெர்ட்ஸில் 18 லட்சம் மூலங்களைக் கண்டது. அதை வைத்துப் பார்த்தால் நூறு வட்டங்களுள் எழுபத்துநான்கு மூலங்கள் விழும். அட்டவணை எவ்வளவு வளமானதோ அவ்வளவுக்கு, இட ஒற்றுமை என்னும் சாட்சி வலுவிழந்து போகிறது. ஆதலால் நிர்ணயம் செய்யவேண்டியது இடத்தால் அன்று, குணத்தால்.

குணம் என்று இங்கே கருதுவது இரண்டை. ஒன்று, அதிர்வெண் ஏற ஏற மூலத்தின் பிரகாசம் எவ்வளவு விரைவாகக் குன்றுகிறது என்னும் நிறமாலைச் சரிவு. மற்றது, அம்மூலம் புள்ளியாக ஒடுங்கியதா, விரிந்து பரந்ததா என்பது. அடையாளம் காணப்பட்ட காமாக் கதிர் மூலங்களுள் பெரும்பான்மையானவை பிளேசார்கள். அவை தம் தாரையை நம்மை நோக்கித் திருப்பிய தொலைவான விண்மீன் மண்டலங்களின் கருக்கள். அவற்றின் ரேடியோ நிறமாலை ஏறக்குறையச் சமதளமானது. உயர்ந்த அதிர்வெண்களில் அவை எளிதில் புலப்படும். அவற்றைப் பற்றி இங்கே விரிக்க வேண்டியதில்லை. கடினமானவை, சுழலும்போது கதிர்க் கற்றையை வீசித் துடிப்பாகப் புலப்படும் பல்சார்கள், அவற்றிலும் நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை சுழலும் மில்லிசெகண்டு பல்சார்கள். இவற்றின் பிரகாசம் அதிர்வெண்ணோடு செங்குத்தாகச் சரிகிறது.

எண்களை வைத்தே சொல்கிறேன். 150 மெகாஹெர்ட்ஸில் 50 மில்லிஜான்ஸ்கி பிரகாசமுள்ள ஒரு சாதாரண ரேடியோ மண்டலம், 1400 மெகாஹெர்ட்ஸில் ஐந்தில் ஒரு பங்காகிய 10 மில்லிஜான்ஸ்கியாகத் தென்படும், என்.வி.எஸ்.எஸ். 2.5 மில்லிஜான்ஸ்கி வரை காணவல்லதாகையால் அம்மண்டலம் அதன் கண்ணுக்குத் தப்பாது. அதே 50 மில்லிஜான்ஸ்கி ஒரு பல்சாருடையதாகி, அதன் பிரகாசம் அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு எதிர்விகிதமாகக் குறையுமானால், 1400 மெகாஹெர்ட்ஸில் எஞ்சுவது அரை மில்லிஜான்ஸ்கிக்குச் சற்று மேல், என்.வி.எஸ்.எஸ். அதைக் காணமாட்டாது. தாழ்ந்த அதிர்வெண்ணில் தெளிவாகத் தெரிந்த ஒரு பொருள் உயர்ந்த அதிர்வெண்ணில் இல்லாமற் போனால், அவ்வில்லாமையே அப்பொருளின் லட்சணத்தைச் சொல்லிவிடுகிறது.

நம் தர்க்க மரபு இதை நன்கு அறியும். பாட்ட மீமாம்சகர்களும் அத்வைதிகளும் அனுபலப்தி என்னும் காணாமையைத் தனிப் பிரமாணமாகவே ஏற்றனர். ஆயின் அதற்கு ஒரு நிபந்தனை விதித்தனர். இருந்திருந்தால் கண்டிருக்கத்தக்க ஒன்றைக் காணாமல் இருப்பதே இல்லாமைக்குச் சாட்சியாகும். இருளில் குடத்தைக் காணாததால் குடம் இல்லை என்று முடிவு கட்டலாகாது. ரேடியோ கணக்கெடுப்பின் உயர்வு இந்த நிபந்தனையை நிறைவேற்றுவதில்தான் உள்ளது. வானத்தின் ஒவ்வொரு பகுதியிலும் எவ்வளவு மங்கலான பொருள் வரை புலப்படும் என்பதை அது அளந்து, கணக்கெடுப்போடு சேர்த்தே தருகிறது. குறிப்பிட்ட இலக்குகளை மட்டும் நோக்கிச் செய்யும் அவதானம், நோக்காத இடங்களைப் பற்றி ஒன்றும் சொல்லாது; எதையும் நாடாத கணக்கெடுப்போ எல்லா இடத்துக்கும் பொறுப்பேற்கிறது. வான நூலார் சிலர் கணக்கெடுப்பை எழுத்தர் வேலையாகக் கருதி, கண்டுபிடிப்பை மட்டும் மேலான வேலையாக மதிப்பதுண்டு. அந்தத் தரப் பிரிவினை நியாயமற்றது என்பது என் உறுதியான எண்ணம்.

இம்முறைக்கு முன்னுதாரணமும் உண்டு. 4சி 21.53 என்னும் ரேடியோ மூலம், செங்குத்தான நிறமாலையும், சூரியக் காற்றினூடே மினுக்கும் அளவுக்கு ஒடுங்கிய உருவமும் உடையதாயிருந்தது வெகு காலம் புதிராகவே இருந்தது. அப்புதிரைத் தொடர்ந்து சென்றே 1982-இல் பாக்கரும், அப்போது மாணவராயிருந்த ஸ்ரீநிவாஸ் குல்கர்னியும், அவர்தம் துணைவர்களும் அரசிபோ தொலைநோக்கியால் நொடிக்கு 642 முறை சுழலும் முதல் மில்லிசெகண்டு பல்சாரைக் கண்டனர். துடிப்பு பின்னரே வந்தது. படம் முன்னரே அதைச் சுட்டியிருந்தது.

கொடத் தொலைநோக்கி எந்த மரபில் எழுந்தது என்பதை அறிய, இங்கே தில்லியைப் பற்றிச் சிறிது பேசவேண்டும். இந்நாட்டு ரேடியோ வான சாஸ்திரத்தின் முதல் வித்து ஊன்றப்பட்டது தில்லி தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தில்தான். வத்திராயிருப்பில் 1898-இல் பிறந்து, ராமனுடன் ஒளிச் சிதறல் ஆராய்ச்சியில் ஈடுபட்டு, அவ்வாய்வுக்கூடத்தின் முதல் இயக்குநராக விளங்கிய கே. எஸ். கிருஷ்ணன், 1952-இல் சிட்னியில் கூடிய உலக ரேடியோ விஞ்ஞான மாநாட்டுக்குச் சென்று, அங்கே ஆஸ்திரேலியர்கள் காட்டிய புதிய வானத்தைக் கண்டு மகிழ்ந்து திரும்பினார். திரும்பியதும் தம் ஆய்வுக்கூடத்து இளைஞர் கோவிந்த் ஸ்வரூப்பின் உள்ளத்தில் அந்த ஆர்வத்தை மூட்டினார். கொலம்போத் திட்டத்தின் உதவியால் 1953-இல் ஸ்வரூப்பும் ஆர். பார்த்தசாரதியும் சிட்னி சென்று, பாட்ஸ் ஹில்லில் ஆறடி விட்டமுள்ள 32 கிண்ண ஆன்டெனாக்களைக் கொண்ட வரிசையில் சூரியனை ஆராய்ந்தனர். அங்கே பயன்பாடு முடிந்த அக்கிண்ணங்களை இந்தியாவுக்குக் கொடையாகப் பெற ஸ்வரூப் ஏற்பாடு செய்தார். ஆனால் 1955-இல் அவர் தில்லி திரும்பிய பிறகும் அவை வந்து சேரவில்லை. கப்பல் கூலி பற்றிய இழுபறி நீண்டது. காத்திருந்து பார்த்து 1956-இல் அவர் அமெரிக்கா சென்றுவிட்டார். அவர் போன பின்னரே கிண்ணங்கள் தில்லியை அடைந்தன. 1963-இல் அவர் டாடா ஆராய்ச்சி நிலையத்தில் சேர, அவை அந்நிலையத்துக்கு மாற்றப்பட்டு, 1965-இல் பம்பாயை அடுத்த கல்யாணில் தொலைநோக்கியாக எழுந்தன.

தில்லியில் அக்கிண்ணங்கள் வானத்தை நோக்காமற் போனதை வீண் என்று நான் கருதவில்லை. கிருஷ்ணன் திரட்டியது கருவிகளை மட்டுமன்று. ஒரு பயிற்சி பெற்ற மனத்தை. அம்மனமே 1970-இல் நீலகிரிச் சரிவில், 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உள்ள உதகைத் தொலைநோக்கியை நிறுவி, சந்திரன் மறைக்கும் கணத்தைக் கொண்டு ரேடியோ மூலங்களின் உருவ அளவைத் துல்லியமாகக் கணித்தது. பின்னர் கொடத்தில், 45 மீட்டர் விட்டமுள்ள முப்பது ஆன்டெனாக்களை, எஃகு வடங்களில் இழுத்துக் கட்டிய மெல்லிய கம்பி வலையால் அமைத்தது. நீண்ட அலைகளுக்குக் கம்பி வலையே போதும் என்பதால், செல்வம் குறைந்த ஒரு தேசம் பெரும் பரப்பைச் சிக்கனமாகப் பெற முடிந்தது. மேலே சொன்ன இரு குணங்களையும் அறியத் தேவையான தாழ்ந்த அதிர்வெண் அவதானமும் உருவ ஒடுக்கத்தின் அளவீடும், இப்பரம்பரை பல்லாண்டுகளாகப் பயின்றவையே.

டி.ஜி.எஸ்.எஸ். தரவுகளை இன்டெமா, ஜகந்நாதன், மூலே, ஃப்ரெய்ல் ஆகியோர் அயனி மண்டலத்தின் கலக்கத்தை நீக்கி மறுபடி கணித்து 2017-இல் வெளியிட்டனர். அயனி மண்டலம் நீண்ட அலைகளை வளைத்து மூலங்களை இடம் பெயர்த்துக் காட்டுமாதலால், இத்திருத்தம் இல்லாதவரை அப்படங்கள் முழுப் பயன் தரவில்லை. அதன் பின் ஃப்ரெய்ல் குழுவினர், அடையாளமற்ற ஃபெர்மி மூலங்களின் ஐய வட்டங்களுக்குள் விழும் டி.ஜி.எஸ்.எஸ். மூலங்களைச் சரிவு, ஒடுக்கம் என்னும் இரு சல்லடைகளில் இட்டுச் சலித்தனர். நுண்ணிய படங்களால் போலிகளைக் கழித்தபின் எஞ்சியவை 16. அவற்றில் துடிப்பைத் தேடியபோது, 2018-இல் அவர்கள் அறிவித்தபடி, ஆறு மில்லிசெகண்டு பல்சார்களும் ஒரு சாதாரணப் பல்சாரும் அகப்பட்டன. பதினாறில் ஏழு என்பது, நூறு ஐய வட்டங்களில் இருபத்துமூன்று மூலங்கள் தற்செயலாகவே விழும் வானத்தில், அற்பமான விளைச்சல் அன்று.

இதற்கு ஓர் ஆட்சேபம் எழக்கூடும். படம் எதற்கு, ஐய வட்டத்தை நோக்கி நேரே துடிப்பைத் தேடினாலே போதாதா? அம்முறையும் சிறந்த பயன் தந்தது மெய்யே. அதே கொடத் தொலைநோக்கியால் பாஸ்வதி பட்டாச்சார்யா, ஜயந்த ராய் முதலியோர் ஃபெர்மி மூலங்களில் நேரடியாகத் தேடி, 2.16 மில்லிசெகண்டில் சுழன்று, 2.9 மணி நேரத்தில் துணையைச் சுற்றிவரும் ஜே1544+4937 பல்சாரைக் கண்டனர். எக்ஸ் கதிர் இரட்டையாக இருந்து பல்சாராக மாறிய ஜே1227-4853-இன் துடிப்பையும் வெளிப்படுத்தினர். ஆயினும் துடிப்புத் தேடலுக்கு மூன்று தடைகள். துணை விண்மீனின் வாயு பல்சாரை மறைத்தால் அவ்வேளையில் துடிப்புக் கிட்டாது. இரட்டைச் சுழற்சி கடுமையாயின் துடிப்பின் காலம் இடையறாது மாறி, தேடும் கணிதம் தளரும். இடைவெளி வாயு துடிப்புகளைச் சிதறடித்தால் அவை ஒன்றோடொன்று கலந்து மறையும். இம்மூன்றுள் பின்னிரண்டும் படத்தைத் தொடுவதில்லை. சராசரிப் பிரகாசத்தை மட்டும் அளக்கும் படத்துக்குச் சுழற்சிக் காலமோ சிதறலோ பொருட்டன்று. படம் ஸ்தானத்தை, கலையில் அறுபதில் ஒரு பங்காகிய விகலை அளவுக்குச் சுருக்கித் தந்தால், ஒரே புள்ளியை நோக்கிப் பலமுறை துடிப்பைத் தேடலாம். மறைப்பு நீங்கிய வேளை எப்படியும் வாய்க்கும். ஆகையால் இரு முறைகளும் போட்டியாளர் அல்ல. படம் முன்னே சென்று வழி காட்ட, துடிப்பு தீர்ப்பு வழங்குகிறது.

இம்முறையின் எல்லைகளை மறைப்பது ஆராய்ச்சிக்கு நேர்மையன்று. செங்குத்தான சரிவு பல்சார்களுக்கு மட்டும் உரியதன்று. வெகு தொலைவில் உள்ள சில ரேடியோ மண்டலங்களும் அதே குணத்தோடு ஒடுங்கித் தோன்றும். நம் பால் வீதியின் தளத்தை ஒட்டிய இடங்களில் பரவிய காமாக் கதிர் ஒளியே ஐயத்தைப் பெருக்குகிறது. அதே இடங்களில் 150 மெகாஹெர்ட்ஸ் வானமும் பின்னணி ஒளியால் நிறைந்து மங்கலான பொருள்களை விழுங்கிவிடுகிறது. மிகக் கடுமையான உதாரணம் ஜெமிங்கா. எழுபதுகளில் எஸ்.ஏ.எஸ்.-2 செயற்கைக்கோள் கண்ட அந்தப் பிரகாசமான காமாக் கதிர் மூலத்துக்கு ரேடியோவில் தக்க இணை கிட்டவில்லை. 1992-இல் எக்ஸ் கதிர்களில் 237 மில்லிசெகண்டுத் துடிப்பு அகப்பட்ட பிறகே அது பல்சார் என்று துணியப்பட்டது. இங்கே ரேடியோவில் காணாமை ஒன்றையும் நிரூபிக்கவில்லை. கதிர்க் கற்றை நம்மை நோக்கித் திரும்பாவிட்டால் கணக்கெடுப்பு எவ்வளவு ஆழமாயினும் அது குருடே. மீமாம்சகரின் நிபந்தனை இவ்விடத்தில் நிறைவேறவில்லை.

எனினும் ஜெமிங்காவைக் காட்டிக் கணக்கெடுப்பைத் தள்ளுவது சரியன்று. 2023-இல் வெளிவந்த ஃபெர்மியின் மூன்றாம் பல்சார் அட்டவணையில் 294 பல்சார்கள் உள்ளன. அவற்றுள் மில்லிசெகண்டு வகையைச் சார்ந்தவற்றில் மிகப் பல, ரேடியோவின் துணையாலேயே வெளிப்பட்டவை. டி.ஜி.எஸ்.எஸ்.-இல் ஐயமின்றிப் பதிவாக ஒரு மூலம் 25 மில்லிஜான்ஸ்கி அளவேனும் பிரகாசிக்கவேண்டும். பெரும்பாலான மில்லிசெகண்டு பல்சார்கள் அதற்கும் மங்கலானவை. ஆகவே பதினாறோடு நின்றது முறையின் முடிவன்று, ஆழத்தின் முடிவு. கொடத் தொலைநோக்கி இப்போது மேம்படுத்தப்பெற்று, அகன்ற அலைத்தொகுதியை ஒரே வேளையில் பெறுகிறது. அதனால் ஒரே அவதானத்திலேயே ஒரு மூலத்தின் சரிவை அளக்க இயலும். ஐய வட்டங்களை மட்டும் தேர்ந்து நோக்காமல், அவற்றைச் சூழ்ந்த வெற்று வானத்தையும் அதே ஆழத்துக்கு அளந்து வைத்தால்தான், அங்கே காணாதவற்றைக் கொண்டும் நியாயமாக முடிவுசெய்ய முடியும். அந்த வேலைக்குத் தொலைநோக்கி நேரத்தை ஒதுக்குவோர், முன்கூட்டியே பெயர் சொல்ல இயலாத இலக்குக்கு அதை ஒதுக்குகிறோம் என்று தயங்கவேண்டியதில்லை.