எடையைத் துறந்த கதவுகள்: விரைவாகத் திறக்கும் தொழிற்சாலைக் கதவுகளின் இயந்திர வரலாறு

மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ஃபோர்க்லிஃப்ட் ஒரு நொடியில் ஏறக்குறைய 2.8 மீட்டரைக் கடந்துவிடும். எதிரே 3 மீட்டர் உயரக் கதவு. அது நொடிக்கு 20 சென்டிமீட்டர் ஏறும் வழக்கமான மோட்டார் ஷட்டர் என்றால் முழுதாகத் திறக்க 15 நொடி, மூட இன்னொரு 15 நொடி. நாள் முழுக்க அந்த வழியே போய்வருகிறவர் ஒவ்வொரு முறையும் நின்று காத்திருப்பார் என்று எதிர்பார்ப்பது வீண். காலையில் ஏற்றிய ஷட்டர் ஷிஃப்ட் முடியும்வரை இறங்காது. மூடாத கதவு இருந்தென்ன, இல்லாவிட்டால் என்ன?

இந்தச் சிக்கலுக்கு விடையாக வந்தவைதான் விரைவுக் கதவுகள். அமெரிக்க ஆற்றல் சேமிப்பு விதிகள், நொடிக்குக் குறைந்தது 813 மில்லிமீட்டர் வேகத்தில் திறந்து, தானாகவே மூடிக்கொள்ளும் கதவைத்தான் இந்த வகையில் சேர்க்கின்றன. இன்று நொடிக்கு 2 மீட்டர் என்பது சாதாரணம். இந்த வளர்ச்சியை மோட்டாருக்கும் மின்னணுவியலுக்கும் வரவு வைப்பது வழக்கம். அது பாதி உண்மைதான். மோட்டாரும் உணர்கருவியும் 1931க்குள் கதவுக்கு வந்துவிட்டன. வேகம் வர அதற்குப் பிறகும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இடையில் குறுக்கே நின்றது கதவின் எடை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இரும்புச் சுருள்

சுருளும் இரும்புக் கதவு லண்டன் கடைவீதிகளில் பிறந்தது. 1830களில் பன்னெட் என்பவர் இரும்புப் பட்டிகளைக் கோத்துச் சுருட்டும் கதவுக்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் கிளார்க் நிறுவனம் உருளைக்குள் சுருள்வில்லை வைத்து, கையால் தள்ளினாலே ஏறிவிடும் ஷட்டரைப் பரப்பியது. அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில் 1895இல் தொடங்கிய கின்னியர் நிறுவனம், ஒன்றோடொன்று கொக்கியாக மாட்டிக்கொள்ளும் எஃகுப் பட்டிகளைக் கொண்டு கிடங்குக் கதவுகளைச் செய்தது.

நம் ஊர்க் கடை ஷட்டர் இதே குடும்பத்தின் நேரடி வாரிசு. நம் அரசுக் கட்டுமானப் பணிகளில் வழக்கமாகக் கேட்கப்படும் பட்டி 80 மில்லிமீட்டர் அகலம், 1.25 மில்லிமீட்டர் கனம். ஐ.எஸ். 6248 என்னும் இந்தியத் தரநிலை, கையால் ஏற்றி இறக்கும் ஷட்டரை பேரிங் இல்லாமல் 8 சதுர மீட்டர் வரையும், பேரிங்கோடு 12 சதுர மீட்டர் வரையும் அனுமதிக்கிறது. அதற்கு மேல் போனால் கியரோ சங்கிலியோ வேண்டும்.

இந்த ஷட்டரின் இயக்கவியல் பார்ப்பதற்கு எளிது, கணக்கில் முரடு. மூடிய நிலையில் முழு எடையும் தொங்குகிறது. சுருள்வில்லும் உச்சத்தில் முறுக்கேறி இருக்கிறது. கதவு ஏற ஏறத் தொங்கும் எடை குறைகிறது. ஆனால் உருளையில் பட்டிகள் அடுக்கடுக்காகச் சேர்வதால் ஆரம் பெருகுகிறது. வில்லின் முறுக்குவிசையோ நேர்கோட்டில் இறங்குகிறது. இரண்டும் எல்லா உயரத்திலும் சமமாக வராது. காலையில் கொக்கிக் கம்பியால் கடையைத் திறப்பவருக்கு இது கைப்பழக்கம்: முதல் முழத்துக்குத் தம் கட்டி இழுக்க வேண்டும், நடுவில் விட்டால் நின்ற இடத்தில் நிற்கும், கடைசி இரண்டடி தானே ஓடிப்போய் மேலே இடிக்கும். போதாததற்கு, தட்டையான பட்டிகள் வட்ட உருளைமேல் சுற்றும்போது உண்மையில் ஒரு பல்கோணமே உருவாகிறது. ஒவ்வொரு பட்டியும் மேலேறி மடங்கும் கணத்தில் வேகம் ஒரு துடிப்புத் துடிக்கிறது. கடகடவென்ற அந்த ஓசை அதனால்தான். மெதுவாக ஓடும்வரை இது வெறும் சத்தம். வேகத்தைக் கூட்டினால் பட்டிகளின் முனைகளையும் வழித்தடத்தையும் தின்னும் அதிர்வு.

மோட்டார் வந்தும் வேகம் வரவில்லை

சி. ஜி. ஜான்சன் என்ற அமெரிக்கர் 1921இல் மேல்நோக்கி ஏறும் மடிப்புப் பலகைக் கதவையும், 1926இல் அதைத் திறக்கும் மின் இயக்கியையும் கொண்டுவந்தார். 1931இல் கனெக்டிகட் மாநிலம் வெஸ்ட் ஹேவனில் ஓர் உணவகத்தில், தட்டுகளை ஏந்திவரும் பரிமாறுநர்களுக்காக ஒளிக்கற்றையால் இயங்கும் கதவு பொருத்தப்பட்டது. ஆக, தேவையான உறுப்புகள் யாவும் கைக்கு வந்துவிட்டன. தொழிற்சாலைக் கதவு மட்டும் ஏன் அப்படியே நின்றது?

ஒரு சிறு கணக்கு விளக்கும். 3 மீட்டருக்கு 3 மீட்டர் கதவை 1.25 மில்லிமீட்டர் எஃகில் செய்தால், பட்டிகளின் வளைவுகளையும் சேர்த்து 100 கிலோ அளவில் நிற்கும். நொடிக்கு 0.2 மீட்டரில் அதன் இயக்க ஆற்றல் 2 ஜூல். 2 மீட்டரில் 200 ஜூல். வேகம் பத்து மடங்கானால் ஆற்றல் நூறு மடங்கு. ஒவ்வொரு முறை கதவு நிற்கும்போதும் அந்த 200 ஜூலை யாராவது விழுங்கியாக வேண்டும்: பிரேக், கியர்ப் பெட்டி, வழித்தடம், சுவர். வில் தாங்காமல் அதே கதவை அதே வேகத்தில் தூக்க மட்டுமே ஏறக்குறைய 2 கிலோவாட் வேண்டும். எனவே வில்லைக் கைவிட முடியாது. வில்லை வைத்தாலோ களைப்பு முறிவு: ஓயாமல் முறுக்கி அவிழ்த்தே அது உடைந்துவிடும். வீட்டுக் கார் கொட்டகைக் கதவுகளுக்கான வில்கள் பொதுவாக 10,000 சுற்றுகளுக்கு வடிவமைக்கப்படுகின்றன. நாளுக்கு நான்கு முறை திறக்கும் வீட்டில் அது ஆறேழு ஆண்டு தாங்கும். நாளுக்கு 300 முறை திறக்கும் கிடங்கில் ஐந்து வாரம்கூடத் தாங்காது.

கசியும் குளிர்

இவ்வளவு தொல்லையைத் தாங்கிக்கொண்டு வேகத்தைத் தேடவைத்தது உறைநிலைக் கிடங்குதான். உறைய வைத்த உணவும் ஃபோர்க்லிஃப்டும் பரவி, 1973இன் எண்ணெய் நெருக்கடி மின்கட்டணத்தை உயர்த்தியபோது, திறந்த கதவின் விலை கணக்கில் ஏறியது. குளிர்ந்த காற்று கனமானது. கதவின் கீழ்ப்பாதி வழியே வெளியே வழிகிறது, மேற்பாதி வழியே வெப்பக் காற்று உள்ளே நுழைகிறது. இந்த இருவழிப் பாய்ச்சலை அளவிட 1975இல் காஸ்னி, ஓலாமா இருவரும் தந்த சூத்திரம் இன்றும் புழக்கத்தில் உள்ளது. தூத்துக்குடி போன்ற கடலோர ஊரில் இறால் கிடங்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம்: உள்ளே மைனஸ் 20 டிகிரி, வெளியே 30 டிகிரி, அதே 9 சதுர மீட்டர் கதவு. சூத்திரத்தில் இட்டால், முழுதாகத் திறந்திருக்கையில் நொடிக்கு 4 கன மீட்டருக்கு மேல் காற்று இடம் மாறுகிறது. கடலோர ஈரப்பதத்தையும் சேர்த்தால் அது 500 கிலோவாட்டைத் தாண்டும் வெப்பச் சுமை. ஈரம் பனிக்கட்டியாகித் தரையில் படர்வது தனித் தலைவலி.

மாற்று வழிகளும் இல்லாமலில்லை. சுழல்கதவுக்கு 1888இல் காப்புரிமை பெற்ற தியோஃபிலஸ் வான் கேனல், காற்றுத்திரைக்கும் 1904இல் காப்புரிமை பெற்றார். திறந்திருக்கும்போதே மூடியிருக்கும் கதவு என்ற ஒரே எண்ணத்தை இரண்டு விதமாகச் செய்து பார்த்தவர் அவர். இந்தத் துறையில் அவருக்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் சுழல்கதவுக்குள் ஃபோர்க்லிஃப்ட் நுழையாது. காற்றுத்திரை மின்சாரத்தைத் தின்னும். தொங்கும் பி.வி.சி. பட்டைத்திரை மலிவு, கீறல் விழுந்து மங்கியதும் எதிரே வருபவர் தெரியாது.

காகித ஆலையிலிருந்து வந்த துணி

திருப்பம் கதவுத் தொழிலுக்குள்ளிருந்து வரவில்லை என்பதுதான் இவ்வரலாற்றில் எனக்குப் பிடித்த பகுதி. ஸ்வீடனின் ஹால்ம்ஸ்டாட் நகரில் காகித இயந்திரங்களுக்கான கம்பளித் துணியை நெய்துவந்தது நோர்டிஸ்காஃபில்ட் நிறுவனம். அதை அமெரிக்காவின் ஆல்பனி குழுமம் வாங்கியது. ஈரக் காகிதக் கூழைத் தாங்கி இடைவிடாமல் ஓடும் அகன்ற துணிப்பட்டையை நேராக, சுருக்கமின்றி ஓடவைப்பதே அவர்களுடைய கைத்தேர்ச்சி. அதே கைத்தேர்ச்சியோடு பூச்சுத் துணியையே கதவாக்கி உருளையில் சுற்றினார்கள். 1980களின் தொடக்கத்தில் அது விற்பனைக்கு வந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே ஜெர்மனியின் பவேரியாவில், 1974இல் தொடங்கிய எஃபாஃபிளெக்ஸ் நிறுவனம் விரைவாக மடிந்து திறக்கும் கதவுகளிலிருந்து தன் பயணத்தைத் தொடங்கியிருந்தது.

துணி என்ன மாற்றியது? பி.வி.சி. பூசிய பாலியெஸ்டர் துணி சதுர மீட்டருக்கு 900 கிராம் அளவில் இருக்கும். நம் 9 சதுர மீட்டர்க் கதவின் திரை 8 கிலோ. நொடிக்கு 2 மீட்டரில் அதன் ஆற்றல் 16 ஜூல்தான். தூக்க 160 வாட் போதும். அடிக்கட்டையின் எடையைச் சேர்த்தாலும் கணக்கு பெரிதாக மாறாது. இந்த அளவில் வில்லே தேவையில்லை. மோட்டாரே நேராகத் தூக்கிவிடும். வில் போனதும் களைப்பு முறிவும் போயிற்று. துணி வட்டமாகச் சுற்றுவதால் பல்கோணத் துடிப்பும் இல்லை. எஃகைத் துணியாக மாற்றிய ஒரே முடிவில் மூன்று பழைய நோய்கள் தீர்ந்தன.

புதிய நோய்கள் இரண்டு வந்தன. ஒன்று, மோதல். வேகமான கதவை நம்பி ஓட்டுநர் வேகத்தைக் குறைக்காமல் வருகிறார்; ஒருநாள் உணர்கருவி தாமதிக்கிறது. முதல் தலைமுறைக் கதவுகளின் கெட்டியான உலோக அடிக்கட்டை மோதினால் வளையும், வழித்தடத்தைக் கிழிக்கும், கதவு நாள்கணக்கில் நிற்கும். தீர்வாக, மோதினால் கழன்றுகொள்ளும் அடிக்கட்டைகள் வந்தன. பெல்ஜியத்தின் டைனகோ நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே போனது. அடியில் இரும்பே இல்லாத மென்திரை. அதன் இரு விளிம்பிலும் பையின் ஜிப் போலப் பற்கள். மோதினால் பற்கள் வழித்தடத்திலிருந்து வெளியே வந்துவிடும். கதவை ஒருமுறை முழுதாக ஏற்றினால், மேலே உள்ள வழிகாட்டிக்குள் அவை மறுபடி வரிசையாக நுழைந்துகொள்ளும். பழுதுபார்க்க ஆள் வரவேண்டாம்.

காற்றின் அழுத்தமும் எஃகின் திரும்புகையும்

புதிய நோய்களில் இரண்டாவது, காற்று. ஐரோப்பியத் தரநிலை இ.என். 12424இன் மிகக் குறைந்த காற்றழுத்த வகுப்பு 300 பாஸ்கல். 9 சதுர மீட்டர்க் கதவில் அது 2,700 நியூட்டன், அதாவது 275 கிலோ எடைக்குச் சமமான தள்ளல். துணி பாய்மரமாக உப்பி, விளிம்புகள் வழித்தடத்திலிருந்து உருவிக்கொள்ளும். குறுக்கே கம்பிகளைச் செருகினால் எடை திரும்ப ஏறுகிறது. திருட்டுக்கும் துணி ஒரு தடையல்ல. ஒரு பிளேடு போதும். ஆகவே துணிக்கதவு பெரும்பாலும் கட்டடத்துக்குள்ளேயே தங்கிவிட்டது.

வெளிக்கதவுக்கு எஃகும் அலுமினியமும் திரும்ப வேண்டியிருந்தது. பழைய நோய்கள் திரும்பாமல் அதைச் செய்தது எஃபாஃபிளெக்ஸின் சுருள்தடக் கதவு. அந்நிறுவனத்தின் பல காப்புரிமைகளில் கண்டுபிடிப்பாளராக கப்ரியேல் ரெய்ட்சின் பெயர் இருக்கிறது. இந்த அமைப்பில் பட்டிகள் உருளையில் சுற்றுவதில்லை. இருபக்கமும் கீல்பட்டையில் கோத்த பட்டிகள், சக்கரங்களின் மேல் சுருள் வடிவத் தடத்துக்குள் ஓடி அடைகின்றன. ஒரு சுற்று மற்றதைத் தொடுவதே இல்லை. உராய்வில்லை, கீறலில்லை, ஆரமும் அடுக்கினால் மாறுவதில்லை. எடையைத் தாங்க வில் மறுபடி வந்தது, ஆனால் இம்முறை பட்டைகள் வழியே சமன் செய்யப்பட்டு. வடிவமைப்பு அழகு என்று பார்த்தால், இத்துறையில் இதற்கு இணையாக எதையும் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

நிறுத்துவதற்கும் ஒரு கருவி வேண்டியிருந்தது. மோட்டாரை நேரடியாக மின்னில் இணைத்தால் அது முழு வேகத்துக்கு எகிறும். நிறுத்தப் பிரேக்கைக் கடிக்க வேண்டும். மின் அலைவெண்ணை மாற்றி வேகத்தைப் படிப்படியாகக் கூட்டிக் குறைக்கும் டிரைவை டென்மார்க்கின் டான்ஃபாஸ் 1968இலேயே தொழிலளவில் உற்பத்தி செய்தது. அது சிறுத்து, மலிவாகிக் கதவின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் அடங்கிய பிறகு, பிரேக் பெரும்பாலும் நின்ற கதவைப் பிடித்துவைக்கும் வேலையை மட்டும் செய்கிறது.

மூடும் வேகம்

விளம்பரத் தாள்கள் எப்போதும் திறக்கும் வேகத்தையே பெரிய எழுத்தில் போடுகின்றன. அதே 3 மீட்டர்க் கதவு நொடிக்கு 2 மீட்டரில் திறக்க 1.5 நொடி, 0.6 மீட்டரில் மூட 5 நொடி. திறப்பதை 3 மீட்டராக உயர்த்தினால் மிச்சம் அரை நொடி. மூடுவதை 1.2 மீட்டராக்கினால் மிச்சம் இரண்டரை நொடி. திறக்கும் வேகம் மோதலைத் தவிர்க்க உதவும். குளிரைக் காப்பதோ மூடும் வேகம். அதைக் கூட்டவிடாமல் தடுப்பது மனித உடல். இ.என். 12453 தரநிலைப்படி, மூடும் விளிம்பு ஓர் ஆளை நெருக்கும் இடத்தில் விசை 400 நியூட்டனைத் தாண்டக் கூடாது. முக்கால் நொடிக்குள் அது 150 நியூட்டனுக்குக் கீழே இறங்கிவிட வேண்டும். விளிம்பில் பொருத்திய தொடு உணர்கருவி, தொட்ட பிறகுதான் கதவை நிறுத்தும். அதற்குள் கதவு எவ்வளவு தூரம் இறங்கும் என்பது எடையையும் வேகத்தையும் பொறுத்தது. கதவுத்தடத்துக்குள்ளேயே அடுக்கடுக்காக ஒளிக்கற்றைகளை நிறுத்தும் ஒளித்திரைகள் வந்த பிறகே, ஆளைத் தொடுமுன் நிற்கும் கதவு சாத்தியமாயிற்று. அப்போதுதான் மூடும் வேகமும் நகரத் தொடங்கியது. ஆனால் உறைகிடங்கு வாசலில் அந்த ஒளிக்கண்கள்மேல் பனி படியும். சூடேற்றும் கம்பி வைத்த கண்ணாடி வேண்டும், அதைத் துடைக்க ஆள் வேண்டும். துடைக்காத இடத்தில் ஒளிக்கற்றை மறைந்து கதவு பாதியில் நின்று மேலேறிவிடும்; இரண்டு முறை அப்படி ஆனதும் ஷிஃப்ட் பொறுப்பாளர் அதைத் திறந்த நிலையில் பூட்டிவைத்துவிடுவார்.