சாவிக்கொத்திலிருந்து நாற்காலிக்கு: மனநல நர்ஸ்களின் கதை



நம் பள்ளியில் படித்து இன்று அமெரிக்காவில் நர்ஸ் பிராக்டிஷனராக இருக்கும் ஒரு மாணவி, நாற்பது வயதுக்கு மேல் மறுபடியும் படிக்கச் சேர்ந்திருக்கிறாள். மனநலச் செவிலியத்தில் மேல்படிப்பு. "நோயாளியைப் பார்த்து மருந்தே எழுதிக் கொடுக்கிறாள், இன்னும் என்ன படிப்பு? அதுவும் பைத்தியத்துக்கு வைத்தியம் பார்க்கவா?" என்று ஊரில் உறவுக்காரர்கள் கேட்கிறார்களாம். பதில் அந்த நாட்டு வரலாற்றிலேயே இருக்கிறது. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன். மணி அடித்தாலும் வகுப்பை விடாதவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும்.

அமெரிக்காவில் மனநோயாளிகளைப் பார்த்துக்கொள்ள நர்ஸ்களுக்கென்று பயிற்சிப் பள்ளி, 1882-ல் பாஸ்டன் பக்கத்திலுள்ள மெக்லீன் மருத்துவமனையில் தொடங்கியது. அதன்பின் பல இடங்களில் வந்தது. ஆனால் சொல்லிக் கொடுத்ததில் பெரும்பகுதி உடம்பைக் கவனிப்பதுதான். குளிப்பாட்டு, சாப்பாடு கொடு, ஓடிவிடாமல் பார்த்துக்கொள். இடுப்பில் சாவிக்கொத்து. பிறகு இன்சுலின் கொடுத்து மயக்கநிலைக்குக் கொண்டுபோவது, மின் அதிர்ச்சி, மூளை அறுவை என்று சிகிச்சைகள் வந்தபோது டாக்டருக்குப் பக்கத்தில் நிற்கும் வேலையும் சேர்ந்தது. நோயாளியோடு உட்கார்ந்து பேசுவது நர்ஸின் வேலை என்று யாரும் நினைக்கவில்லை. பேச்சு டாக்டருக்குரியது.

இதை மாற்றியதில் பெரிய பங்கு ஹில்டகார்ட் பெப்லாவ் என்ற பெண்மணிக்கு உண்டு. 1909-ல் பென்சில்வேனியா மாநிலத்தில் ரெடிங் என்ற ஊரில் பிறந்தவர். குடியேறி வந்த எளிய குடும்பம், ஆறு பிள்ளைகள். 1918-ல் இன்ஃப்ளுவென்சா கொள்ளைநோய் வந்தபோது அவருக்கு ஒன்பது வயது. நோயும் சாவும் ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்பதை அந்த வயதிலேயே கண்ணால் பார்த்தார். 1931-ல் நர்ஸ் படிப்பை முடித்தார். இரண்டாம் உலகப் போரில் ராணுவ நர்ஸாக இங்கிலாந்து போனார். போர்முனையில் மனம் உடைந்துபோன சிப்பாய்களுக்குச் சிகிச்சை தரும் மருத்துவமனையில் வேலை. பெரிய மனநல மருத்துவர்களோடு பழக்கம் ஏற்பட்டது அங்கேதான்.

போர் முடிந்து வந்தவர் ஒரு புத்தகம் எழுதினார். நர்ஸுக்கும் நோயாளிக்கும் இடையில் ஏற்படும் உறவே ஒரு சிகிச்சை என்பதுதான் அதன் சாரம். இருவரும் முதலில் அந்நியர்கள். படிப்படியாக நம்பிக்கை வளர்கிறது. நோயாளி தன் கஷ்டத்தைத் தானே புரிந்துகொள்கிறார். கடைசியில் நர்ஸ் தேவைப்படாமல் போகிறார். கையெழுத்துப் பிரதி 1948-லேயே தயார். அச்சில் வந்தது 1952-ல். கூட ஒரு டாக்டரின் பெயர் இல்லாமல் ஒரு நர்ஸ் தனியாகப் புத்தகம் போடுவதா என்ற தயக்கம்தான் காரணம். நான்கு வருஷம்! எனக்கு இதைப் படித்தபோது கோபம்தான் வந்தது.

1954-ல் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் அவர் தொடங்கிய முதுநிலைப் படிப்புதான் நம் கதையின் நடுப்பகுதி. அதற்கு முன்னும் நர்ஸ்களுக்கு முதுநிலைப் பட்டம் இருந்தது. ஆனால் அதை முடித்தவர் நிர்வாகியாவார், அல்லது ஆசிரியராவார். அதாவது, அதிகம் படித்தால் நோயாளியை விட்டு விலகிப் போக வேண்டும். (நம் கல்வித்துறையிலும் இதே கதைதான், பதவி உயர்ந்தால் வகுப்பறை தூரமாகிவிடும்.) பெப்லாவ் அதைத் திருப்பிப் போட்டார். மேல்படிப்பு படித்த நர்ஸ் நோயாளிக்கு இன்னும் பக்கத்தில் போய் உட்கார வேண்டும் என்றார்.

பயிற்சி முறை எனக்கு மிகவும் பிடித்தது. மாணவி நோயாளியோடு பேச வேண்டும். பேசியதை, அவர் சொன்னது இது, நான் சொன்னது இது என்று வார்த்தை வார்த்தையாக எழுதிக்கொண்டு வர வேண்டும். பிறகு ஆசிரியரோடு உட்கார்ந்து வரிவரியாகப் பார்ப்பார்கள். இங்கே ஏன் பேச்சை மாற்றினாய்? அவர் பதற்றப்பட்டபோது நீயும் பதறினாயா? ஆசிரியர் பயிற்சியில் நாங்கள் பாடம் நடத்த, பின்பெஞ்சில் சக மாணவர்களும் விரிவுரையாளரும் குறிப்பெடுத்துக்கொண்டு இருப்பார்களே, கிட்டத்தட்ட அதே மாதிரி. வியர்க்கும், ஆனால் மறக்காது.

அந்தக் காலத்தின் அளவையும் நினைத்துப் பாருங்கள். 1955-ல் அமெரிக்க அரசு மனநல மருத்துவமனைகளில் இருந்தவர்கள் ஐந்தரை லட்சத்துக்கும் மேல். குளோர்புரோமசின் என்ற மருந்து அங்கே 1954-ல்தான் புழக்கத்துக்கு வந்தது. மருந்தால் அமைதியடைந்தவர் பேசத் தயாராவார். அப்போது கேட்க ஆள் வேண்டுமே? 1946-ல் வந்த தேசிய மனநலச் சட்டம் டாக்டர்களோடு நர்ஸ்களின் பயிற்சிக்கும் பணம் ஒதுக்கியிருந்தது. அது கைகொடுத்தது.

நர்ஸ் பிராக்டிஷனர் என்ற பதவி வந்தது வேறு வழியில். 1965-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற நர்ஸும் ஹென்றி சில்வர் என்ற டாக்டரும், டாக்டர் எட்டாத இடங்களில் குழந்தைகளைப் பார்க்க நர்ஸ்களைத் தயார் செய்தார்கள். சோதித்து, நோயைக் கண்டுபிடித்து, மருந்து எழுதும் பாதை இதில் வளர்ந்தது. பேச்சு ஒரு பக்கம், மருந்து ஒரு பக்கம் என்று இரண்டும் தனித்தனியாக ஓடின. மனநலத் துறையில் அவை பின்னாளில்தான் ஒன்று சேர்ந்தன.

நம் மாணவியின் விஷயம் இங்கேதான் வருகிறது. 2008-ல் அந்நாட்டு நர்ஸிங் அமைப்புகள் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. குடும்ப நலத்துக்குத் தகுதி பெற்றவர் அந்தத் தகுதியை மட்டும் வைத்துக்கொண்டு மனநல நிபுணர் ஆகிவிட முடியாது. அதற்குத் தனிப் படிப்பு, தனித் தேர்வு. மருந்தியல், உடலியக்கம், உடல் பரிசோதனை இவற்றை அவள் முன்பே படித்துவிட்டதால் அதில் சலுகை உண்டு. மேற்பார்வையோடு நோயாளிகளைப் பார்க்கும் 500 மணி நேரத்தில் சலுகை கிடையாது. பேச்சு வழியான சிகிச்சை முறைகள் இரண்டிலாவது பயிற்சி கட்டாயம். குழந்தை முதல் முதியவர் வரை எல்லா வயதினரையும் பார்க்கப் பழக வேண்டும். பகலில் வேலை, இரவில் படிப்பு. இதைத்தான் "இன்னும் என்ன படிப்பு" என்கிறோம்.

எனக்கு ஒரு கவலை உண்டு. மருந்துச் சீட்டு எழுதும் உரிமை கைக்கு வந்தபின், கால் மணி நேரத்தில் மாத்திரையைக் கூட்டிக் குறைத்து அனுப்பிவிடும் பழக்கம் நர்ஸ்களிடமும் வந்துவிடலாம். அமெரிக்க மனநல டாக்டர்களிடம் ஏற்கெனவே அந்தக் குறையைச் சொல்கிறார்கள். பெப்லாவ் 1999-ல் காலமானார். அவர் கேட்டு வாங்கிய நேரம் கடிகாரத்திடம் போய்விடக் கூடாது. நம் மாணவியிடம் இதைச் சொன்னேன். "சார், எங்க டீச்சரும் இதையேதான் சொல்றாங்க" என்றாள்.

நம் பிள்ளைகளில் நர்ஸாக இருப்பவர்கள் நிறைய பேர். உங்கள் வார்டில் நோயாளியோடு உட்கார்ந்து பேச எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்று எழுதுங்கள். டியூட்டி முடிந்து தூங்கி எழுந்த பிறகு எழுதினால் போதும்.