பழைய புத்தக அலமாரிக்கு லட்சக்கணக்கில் விலையா? எடைக்குப் போடும் முன் டெல்டா மக்கள் கவனிக்க வேண்டியவை!

வீட்டை இடித்துக் கட்டினாலும் சரி, கல்லூரி நூலகத்தைப் புதுப்பித்தாலும் சரி, முதலில் வெளியே போவது பழைய புத்தக அலமாரிதான். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி என டெல்டாவில் எங்கும் இதே கதைதான். ஆனால், மரமும் உலோகத் தகடும் சேர்த்துச் செய்த சில பழைய அலமாரிகள் வெளிநாட்டு ஏலங்களில் ஒரு லட்சம் யூரோவைத் தாண்டிப் போயிருக்கின்றன. அப்படி என்ன இருக்கு அதுல? பார்க்கலாம்.

எந்த அலமாரிக்கு இந்த விலை?

1950-களின் தொடக்கத்தில் பாரிஸ் மாணவர் விடுதிகளுக்காக ஷார்லோட் பெரியாந் வடிவமைத்த 'துனிசி', 'மெக்சிக்' அலமாரிகள்தான் இதில் பிரபலம். நீளமான மரப்பலகைகள், அவற்றைத் தாங்க மடித்த உலோகத் தகடுகள், அவ்வளவுதான். பூவேலை, செதுக்கல் எதுவும் கிடையாது. தேவைக்கு மேல் அலங்காரம் வேண்டாம் என்ற இந்த பாணிதான் நவீனத்துவம். விடுதி அறைகளுக்காக மட்டும் செய்ததால் எண்ணிக்கையும் குறைவு.

இந்தியாவில் இப்படி இருக்கா?

இருக்கு. பாரிஸில் பெரியாந்துடன் வேலை செய்த பியர் ஜான்னரே, 1951 முதல் 1965 வரை சண்டிகரில் இருந்தார். அங்குள்ள அரசு அலுவலகங்கள், நீதிமன்றம், பல்கலைக்கழகத்துக்கு அவரது குழு வடிவமைத்த தேக்கு நாற்காலி, மேசை, புத்தக அலமாரிகளை உள்ளூர் தச்சர்கள் செய்தார்கள்.

பின்னாளில் உடைந்தவை என்று கழிக்கப்பட்டு, அவை குறைந்த விலைக்கு ஏலம் விடப்பட்டன. வாங்கிய வியாபாரிகள் பழுதுபார்த்து வெளிநாட்டில் பல மடங்கு விலைக்கு விற்றார்கள். 2011-ல்தான் மத்திய உள்துறை அமைச்சகம் விற்பனைக்குத் தடை போட்டது. பிறகு 12,793 பொருட்கள் பட்டியலிடப்பட்டன. அதற்குள் நிறைய கைமாறிப் போயிருந்தது.

சட்டம் தடுக்காதா?

இங்கேதான் சிக்கல். 1972-ம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி, ஒரு பொருள் தொல்பொருளாகக் கருதப்பட குறைந்தது 100 ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். மதிப்புமிக்க கையெழுத்துச் சுவடிகளுக்கு மட்டும் 75 ஆண்டுகள். 1950-களின் மரச்சாமான்கள் இதற்குள் வராது.

அப்போ நம்ம வீட்டு பீரோ?

கல்யாணச் சீராக வந்த கோத்ரேஜ் பீரோவுக்கு லட்சங்கள் கிடைக்காது. ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டவை அவை. பழசு என்பது மட்டும் விலை ஆகாது. யார் வடிவமைத்தது, எந்தக் கட்டடத்துக்காகச் செய்தது, அதற்கு என்ன ஆதாரம் என்ற மூன்றும்தான் விலை.

எடைக்குப் போடும் முன்...

* பின்பக்கம், அடிப்பக்கத்தில் பெயின்ட்டில் எழுதிய எண், அலுவலகப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். சண்டிகர் சாமான்களுக்கு அந்த எழுத்துகள்தான் அடையாளச் சான்று.
* அதைச் சுரண்டி, புதுசா பாலிஷ் போடாதீர்கள். போலிகளும் சந்தையில் உண்டு என்பதால் பழைய தடயம் முக்கியம்.
* இருந்த இடத்திலேயே போட்டோ எடுங்கள். பில், இருப்புப் பதிவேடு இருந்தால் பத்திரப்படுத்துங்கள்.
* ஈரத்தரையில் வைக்காதீர்கள். மரத்தைக் கரையான் அரிக்கும், இரும்பு துருப்பிடிக்கும்.

விலை மட்டுமா மதிப்பு?

1931-ல் மன்னார்குடி அருகே மேலவாசலில், எஸ்.வி.கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் புத்தகங்களை அடுக்கி ஊர் ஊராகக் கொண்டுபோகும் நூலகத்தைத் தொடங்கினார். அதைத் தொடங்கிவைத்தவர் சீர்காழியில் பிறந்த நூலக அறிவியல் மேதை எஸ்.ஆர்.ரங்கநாதன். நூலக இயக்கத்தில் இவ்வளவு முன்னே நின்ற மண் இது. இங்குள்ள பழைய நூலக அலமாரிகள் ஏலத்துக்குப் போகாமல் இருக்கலாம். ஆனால், எந்த நூலகத்தில் இருந்தது, எந்த ஆண்டு வாங்கியது என்ற விவரம் தொலைந்துவிட்டால், அது வெறும் விறகுதான். கழிவுப் பட்டியலில் சேர்க்கும் முன் அந்த விவரத்தை எழுதி வைப்பதற்குச் செலவு ஏதும் இல்லை.