பூத்தல் என்னும் சொல்

நன்னூலார் தொகுத்துக் காட்டும் 42 ஓரெழுத்தொரு மொழிகளுள் 'பூ' என்பதும் ஒன்று. பெயராகவும் வினையாகவும் நிற்கும் இச்சிறு சொல், நந்தவனத்தோடு நின்றுவிடவில்லை; நம் வீட்டுக்குள்ளும் வந்து குடியேறியிருக்கிறது.

அடுப்பில் நெருப்பின்மேல் நீறு பூக்கிறது. பழஞ்சுவரில் உப்புப் பூக்கிறது. கவனியாது விட்ட ஊறுகாயில் பூசணம் பூக்கிறது. உழைப்பவர் நெற்றியில் வியர்வையும், குழந்தையின் முகத்தில் புன்னகையும் பூக்கின்றன. வெளியூர் சென்ற மகனுக்காக வழிபார்த்திருக்கும் தாயின் கண்களும் பூத்துப் போகின்றன. பக்தி இலக்கியத்தில் உலகைப் படைத்தலும் பூத்தல்தான். இவை யாவற்றுக்கும் பொதுவான பொருள் ஒன்று உண்டு: மறைந்திருந்தது தன் காலத்தில் வெளித்தோன்றுதல். சுவரில் உப்பை யாரும் கொண்டுவந்து பூசவில்லை. அது உள்ளிருந்து வந்தது.

மகளிர்க்குரிய மாதவிலக்கையும் நம் முன்னோர் இச்சொல்லாலேயே சுட்டினர். தொல்காப்பியக் கற்பியல் அதனைப் 'பூப்பு' என்றே வழங்குகிறது. இவ்வழக்குத் தமிழுக்கு மட்டும் உரியதன்று. 1611ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியமும் லேவியர் நூலின் 15ஆம் அதிகாரத்தில் இதனைப் 'பூக்கள்' என்றே பெயர்த்தது. காய்க்கும் முன் மரம் பூக்கவேண்டும் என்பதை அறிந்த உழவர் குலத்தின் சொல் அது. அதில் இழிவு சிறிதும் இல்லை.

சொல் மணக்கிறது; வழக்கமோ வேறாக இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன், கிராமப் பங்கு ஒன்றில் நான் பணியாற்றியபோது, ஞாயிறுதோறும் வாசகம் வாசித்த சிறுமி ஒருத்தி திடீரெனக் கோயிலுக்கு வரவில்லை. அவளுடைய பாட்டி அழைப்பிதழோடு வந்தார். "பேத்தி சமைஞ்சுட்டா சாமி. தீட்டுக் கழிஞ்சப்புறம்தான் கோயிலுக்கு வருவா" என்றார். அழைப்பிதழில் 'பூப்புனித நீராட்டு விழா' என்று பொன்னெழுத்தில் அச்சிட்டிருந்தது. பூவும் புனிதமும் தாளில் இருந்தன. பூத்த பிள்ளையோ மாட்டுக் கொட்டகையை ஒட்டிய அறையில், தனித்தட்டும் தனிப்பாயுமாக இருந்தாள்.

பாட்டியைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. தாம் பட்டதையே அவர் பேத்திக்கும் அளித்தார். பழைய ஏற்பாட்டின் தூய்மைச் சட்டங்களும் அவ்வாறே ஒதுக்கிவைத்தன. ஆயினும் மாற்கு நற்செய்தியின் 5ஆம் அதிகாரத்தை நாம் ஊன்றிப் படிக்கவேண்டும். 12 ஆண்டுகளாக உதிரப்போக்கினால் வருந்திய பெண் ஆண்டவரின் ஆடையைத் தொடுகிறாள். அவர் விலகவில்லை, 'மகளே' என்று அழைக்கிறார். அதே அதிகாரத்தில் அவர் கைபிடித்து எழுப்பிய யாயிரின் மகளுக்கு வயதும் 12 என்று நற்செய்தியாளர் குறிக்கிறார். பூக்கும் பருவத்துச் சிறுமி அவள்!

601ஆம் ஆண்டில் திருத்தந்தை பெரிய கிரகோரியார் கான்டர்பரி அகுஸ்தீனாருக்கு எழுதிய விடையைப் புனித பேதா தம் வரலாற்று நூலில் பதிந்து வைத்துள்ளார். மாதவிலக்கில் இருக்கும் பெண்ணைக் கோயிலுக்குள் வராமலோ, நற்கருணை பெறாமலோ தடுக்கலாகாது என்பதே அவ்விடை. ஆடையைத் தொட்ட அப்பெண்ணையே அவர் சான்று காட்டினார். பக்தியினால் தானே விலகி நிற்பவளையும் அவர் பாராட்டத் தவறவில்லை; ஆனால், தடுக்கும் உரிமையை யாருக்கும் அளிக்கவில்லை. ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன் திருச்சபை கூறிய இம்மறுமொழி, நம் வீட்டுப் பின்கட்டுகளை இன்னும் முழுமையாக எட்டவில்லை.

இவற்றையெல்லாம் அன்று பாட்டியிடம் விரித்துரைக்கவில்லை. அந்த நற்செய்திப் பகுதியை மட்டும் வாசித்துக் காட்டி, "ஞாயிற்றுக்கிழமை வாசகத்துக்கு ஆள் இல்லை, பாட்டி" என்றேன். நெடுநேரம் பேசாமலிருந்தவர், அழைப்பிதழை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார். ஞாயிறன்று முதல் மணி அடித்தபோது, பேத்தியைக் கையில் பிடித்தபடி அவரே வாசலில் நின்றார். வாசக மேடையில் ஏறிய சிறுமியின் தலையில் ஒரு முழம் மல்லிகை இருந்தது.

பெயரிட்ட முன்னோர் சரியாகத்தான் பெயரிட்டார்கள். அந்தப் பெயருக்கேற்ப நடக்கவேண்டியவர்கள் நாம்.